நாவற்பழம் பூசிய டோனட்

ஆனி பிற்பாதியில் வரத் தொடங்கும் நாவற்பழம் ஆடி முழுக்கத் திருத்தணியில் கிடைக்கும். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி சுமந்து வருகிற கூட்டமும் இந்தப் பழமும் ஊருக்குள் வருவது ஒரே பருவத்தில்தான். கூறு போட்டு விற்கிற பழத்தை உப்பு தூவிக் குலுக்கித் தின்கிறோம், நாக்கு ஊதாவாகிறது, அத்தோடு முடிந்தது. சமையலறைக்குள் அது அநேகமாக நுழைவதே இல்லை. அதே வீடுகளில் பிள்ளைகள் கேட்கிற தின்பண்டங்களில் டோனட்டும் இப்போது ஒன்று. கடையில் வாங்கித் தராமல் வீட்டிலேயே, அதுவும் பொரிக்காமல் ஓவனில் சுட்டு, மாவில் பழம் சேர்த்து, மேலே பெர்ரிப் பழத்தின் சர்க்கரைப் பூச்சு போட்டுத் தரலாம் என்று அம்மாக்கள் முயல்கிறார்கள். செய்முறையைத் தேடினால் வருகிற பட்டியல் மலைக்க வைக்கிறது: புளூபெர்ரி, ராஸ்பெர்ரி, முட்டை, வெண்ணெய், டோனட் அச்சுத் தட்டு, 350 டிகிரி பாரன்ஹீட்டுக்குச் சூடேற்றிய ஓவன். இவற்றில் எது பண்டத்துக்கு உயிர், எது அது பிறந்த நாட்டின் பழக்கம் மட்டும் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுட்ட பழ டோனட்டின் தரத்தைத் தீர்மானிப்பது பழம்தான். அதில் எவ்வளவு நீர், எவ்வளவு புளிப்பு, என்ன நிறமி என்பதை அறிந்து அதற்கேற்ப மாவை அமைத்தால், திருத்தணிச் சந்தைப் பழங்களே போதும். மேல்பூச்சு விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன்: கப்பலேறி வந்த புளூபெர்ரியைவிட ஆடி மாத நாவல் சிறந்தது.

டோனட் எண்ணெய்ச் சட்டியில் பிறந்த பண்டம். டச்சுக்காரர்கள் கொழுப்பில் பொரித்துத் தின்ற மாவு உருண்டைதான் அமெரிக்காவுக்குப் போய் டோனட் ஆயிற்று. நடுவில் துளை போட்டது தானே என்று ஹேன்சன் கிரிகரி என்ற கப்பல் மாலுமி உரிமை கொண்டாடினார். 1847இல், பதினாறு வயதில், கப்பலில் கொடுத்த உருண்டையின் நடுப்பகுதி வேகாமல் எண்ணெய் குடித்துக் கிடந்ததைப் பார்த்து அதை வெட்டி எடுத்துவிட்டதாகப் பின்னாளில் சொன்னார். அவர்தான் முதல்வரா என்பது வேறு கேள்வி. ஆனால் அவர் சொன்ன காரணம் சரியானது. நம் மெதுவடையின் நடுவில் கட்டைவிரலால் துளை போடுவதும் இதற்காகத்தான்: கனமான மாவின் நடுப்பகுதிக்கும் சூடு போய்ச் சேர வேண்டும். 1920இல் நியூயார்க்கில் அடால்ஃப் லெவிட் டோனட் செய்யும் இயந்திரத்தை உருவாக்கியபின் அது பெருந்தொழிலாயிற்று.

பொரித்த டோனட்டுக்கும் சுட்ட டோனட்டுக்கும் வடிவம் மட்டுமே பொது. முன்னதில் பெரும்பாலும் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த, இழுத்தால் நீளும் மாவு. எண்ணெய் மாவைச் சுற்றிச் சூழ்ந்து ஒரே நிமிடத்தில் மேல்தோலை இறுக்கிவிடும், உள்ளே காற்றும் நீராவியும் சேர்ந்து ஊதிக்கொள்ளும். ஓவனில் அப்படி நடக்காது. சூடான காற்று எண்ணெயைப் போல வேகமாகச் சூட்டைக் கடத்துவதில்லை. அதனால் சுட்ட டோனட்டுக்கு ஈஸ்ட் மாவைவிட, கரண்டியால் ஊற்றும் கேக் மாவே பொருந்துகிறது. அது கேக்கின் உறவு. இதை ஒப்புக்கொள்ளாமல், பொரித்ததன் மொறுமொறுப்பை ஓவனில் எதிர்பார்க்கிறவர்கள் கடைசியில் ஏமாந்து, வீட்டு டோனட்டே சரிப்படாது என்று விட்டுவிடுகிறார்கள். சுட்டதற்கென்று ஒரு சிறப்பு இருக்கிறது. பழத்தை அது தாங்கும். கொதிக்கிற எண்ணெயில் பழக்கூழ் மிகுந்த மாவைப் போட்டால் பழத்தின் சர்க்கரை உள்ளே வேகுமுன் மேலே கருகிவிடும். அதே மாவு ஓவனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நிதானமாக வெந்து, பழத்தின் மணத்தை இழக்காமல் வெளியே வருகிறது.

மாவுக்குள் போகிற பழத்தை இனிப் பார்க்கலாம். முதலில் கேட்க வேண்டியது அதன் நீரளவை. வாழைப்பழத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 75 பங்கு நீர். சப்போட்டாவில் 78, மாம்பழத்தில் 83, ஆப்பிளிலும் அன்னாசியிலும் 86 அளவில், பப்பாளியில் 88, ஸ்ட்ராபெரியில் 91. பார்க்கச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் 120 கிராம் வாழைப்பழக் கூழுக்குப் பதில் 120 கிராம் பப்பாளிக் கூழைப் போட்டால் மாவில் ஒரு மேசைக்கரண்டி நீர் கூடுதலாகிவிடும். டோனட்டின் நடு வேகாமல் பிசுபிசுவென்று நின்றுபோவது இதனால்தான். அளவுக் கிண்ணத்தைச் சரியாக நிரப்பியும் சில சமயம் நன்றாக வருகிறது, சில சமயம் வரவில்லை என்று குழம்புகிறவர்கள் பழத்தை மாற்றினார்களா என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

எனவே புதிதாகச் செய்கிறவர்கள் வாழைப்பழத்தில் தொடங்குவது நல்லது. அதிலும் வகை பார்க்க வேண்டும். மொரீஸ் பழத்தில் மணம் தூக்கல், புளிப்பு குறைவு. பூவனில் இலேசான புளிப்பு உண்டு, அது சோடா உப்போடு சேர்ந்து மாவை உயர்த்த உதவும். ரஸ்தாளி சுவையானது, ஆனால் கூழாக்கினால் மாவு போல இறுகும், ஒரு கரண்டி பால் கூட்ட வேண்டும். முருகன் கோயில் ஊர்க்காரர்களுக்குப் பழத்தின் நீரைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையே இல்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தம் ஒரு சொட்டு நீர் சேர்க்காமல் செய்யப்படுகிறது. நீர்ச்சத்து குறைந்த விருப்பாச்சி மலைவாழையைத் தேர்ந்தெடுத்துச் சர்க்கரையோடும் நெய், தேன், ஏலக்காயோடும் பிசைவதால்தான் அது குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே நாள்பட நிற்கிறது. அந்த அறிவுதான் இங்கும் வேண்டும்: தோலில் கரும்புள்ளி விழுந்த, நன்கு கனிந்த பழம், தண்ணீர் படாத கிண்ணம்.

மாம்பழம் இந்த ஊருக்கு நெருக்கமான செய்தி. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டமும் அந்த எல்லைத் தகராறில் படாஸ்கர் தந்த பரிந்துரையும்தான் அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தன. மாவட்டம் மாறினாலும் மாந்தோப்புகள் எல்லையின் இரு பக்கமும் தொடர்ந்துதான் இருக்கின்றன. சித்தூர்ப் பகுதியின் தோத்தாபுரி, நாம் கிளிமூக்கு என்று சொல்வது, மாங்கூழ் ஆலைகளுக்குப் போய் டப்பாவில் அடைபட்டு உலகெங்கும் செல்கிறது. டோனட் மாவுக்குப் பங்கனப்பள்ளியைவிட இதுவே நல்லது என்பேன். புளிப்பு சற்றுக் கூட இருப்பதால் சர்க்கரைப் பூச்சின் திகட்டலை அது சமன்செய்யும். ஆனால் பச்சையாக அரைத்து ஊற்றக் கூடாது. அடிகனமான வாணலியில் கிளறி, அளவில் முக்கால் பங்காக வற்றவிட்டு, ஆறியபின் சேர்க்க வேண்டும். டப்பாக் கூழ் வாங்குகிறவர்கள் சர்க்கரை சேர்த்ததா என்று பார்த்து, அதற்கேற்ப மாவில் சர்க்கரையைக் குறைக்க வேண்டும்.

சீத்தாப்பழத்தைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். எல்லைப்புறக் குன்றுகளின் வறண்ட மண்ணில் தானாகவே வளர்கிற மரம் அது. ஆவணிக்குப் பிறகு மலிவாகக் கிடைக்கும்போது அதையும் மாவில் போட்டுப் பார்க்கத் தோன்றும். ஆனால் சூடு அதிகம் படும்போது அதன் சதை கசந்துபோகிறது. பாயசத்திலும் ஐஸ்கிரீமிலும்கூட அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சீத்தாப்பழம் சேர்ப்பது இதனால்தான். அதைத் தின்னவே வைத்துக்கொள்ளலாம். சப்போட்டாவும் கொய்யாவும் பிரச்சினை தராதவை. கொய்யா விதையை மட்டும் வடிகட்டிவிட வேண்டும். அன்னாசியையும் பப்பாளியையும் பச்சையாக அரைத்து மாவில் கலந்து நெடுநேரம் வைத்தால் அவற்றிலுள்ள நொதிகள் மாவின் புரதத்தை அரித்துத் தளர்த்திவிடும். ஒரு கொதி விட்டு ஆறவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

முட்டை இல்லாமல் முடியுமா என்பது கோயில் ஊரில் பல வீடுகளின் முதல் கேள்வி. கிருத்திகை விரதம், செவ்வாய், வெள்ளி என்று கணக்குப் பார்க்கிற வீடுகளில் முட்டை வாங்குகிற நாளே குறைவு. முடியும் என்பதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சாட்சி தென்னிந்தியாவிலேயே இருக்கிறது. பெங்களூரில் 1898 அளவில் திருமலாச்சார் சகோதரர்கள் தொடங்கி வைத்த ஐயங்கார் பேக்கரி மரபு முட்டை இல்லாத கேக்கையும் பன்னையும் வைத்தே வளர்ந்தது. முட்டை மாவில் செய்கிற வேலை மூன்று: ஈரம் தருவது, வேகும்போது இறுகிக் கட்டிப்போடுவது, காற்றைப் பிடித்துவைப்பது. முதல் இரண்டையும் தயிரும் வாழைப்பழமும் பெருமளவு பார்த்துக்கொள்ளும். மூன்றாவதைப் பேக்கிங் பவுடரும் சோடா உப்பும் செய்யும். பழம் சேர்த்த மாவில் முட்டை இல்லாத குறை தெரிவதே இல்லை. வெறும் வெனிலா டோனட் என்றால் நிச்சயம் தெரியும்.

அளவைச் சொல்கிறேன். மைதா 150 கிராம், சர்க்கரை 70 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சோடா உப்பு கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றைச் சலித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பாத்திரத்தில் வாழைப்பழக் கூழ் 120 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 60 கிராம், மணமில்லாத எண்ணெய் 40 கிராம், பால் 30 மில்லி. ஏலக்காய்ப் பொடி வேண்டுமானால் ஒரு சிட்டிகை. ஈரக் கலவையை உலர்ந்த மாவில் ஊற்றி, மாவு வெள்ளையாகத் தெரிவது மறைகிற வரை மட்டும் கலக்க வேண்டும். இட்லி மாவைப் போல அடித்துக் கலக்கினால் மைதாவின் குளூட்டன் இறுகி டோனட் ரப்பராகிவிடும். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். உடனே அச்சில் ஊற்றி 180 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம். விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் எழும்ப வேண்டும். இந்த அளவில் எட்டு டோனட் வரும். கோதுமை மாவோ கேழ்வரகு மாவோ சேர்க்க விரும்புகிறவர்கள் மைதாவில் மூன்றில் ஒரு பங்கு வரை மாற்றலாம். அதற்கு மேல் போனால் இன்னும் இரண்டு கரண்டி பால் தேவைப்படும், டோனட்டும் கனக்கும்.

வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் சொன்னது சிக்கனத்துக்காக மட்டுமல்ல. வானிலை அறிக்கையில் அக்னி நட்சத்திரக் காலத்தில் திருத்தணியின் பெயர் எப்போதும் மேல் வரிசையில் வரும். 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே வழக்கம். வெண்ணெய் உருகும் வெப்பநிலையோ 32 முதல் 35 டிகிரிதான். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்துக் காற்றேற்றச் சொல்கிற செய்முறை குளிர்ந்த சமையலறையை மனத்தில் வைத்து எழுதியது. நம் மேடையில் வெண்ணெய் குழையாமல் உருகியே போகும். அந்தப் படியையே விட்டுவிட்டு எண்ணெய் ஊற்றுவதுதான் இந்த ஊருக்குச் சரி.

டோனட் அச்சுத் தட்டு இல்லாவிட்டால் சிறிய கப் கேக் அச்சின் நடுவில் அலுமினியத் தாளைத் திருகி நிறுத்தி, சுற்றிலும் மாவை ஊற்றலாம். ஓவன் இல்லாவிட்டால் அடிகனமான மூடிபோட்ட பாத்திரத்தில் ஒரு விரற்கடை உயரம் கல் உப்பைப் பரப்பி, ஒரு தாங்கி வைத்து, பத்து நிமிடம் மிதமான தீயில் காயவைத்து, அச்சை உள்ளே இறக்கி மூடிவிட வேண்டும். சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம் பிடிக்கும். பிரஷர் குக்கரில் செய்கிறவர்கள் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்ற வேண்டும். ஆனாலும் தண்ணீரில்லாமல் நெடுநேரம் காய்வது குக்கருக்கு நல்லதல்ல. பழைய வாணலி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குவது மேல். இந்த முறையில் மேல்பக்கம் சிவக்காது. பூச்சு அதை மறைத்துவிடும் என்பதால் கவலை வேண்டாம். குழிப்பணியாரச் சட்டியிலும் இதே மாவைச் சில சொட்டு எண்ணெயில் ஊற்றித் திருப்பி எடுக்கலாம். வளையமாக வராது, உருண்டையாக வரும். பிள்ளைகள் ஒரே வாயில் போட்டுக்கொள்வார்கள், பூச்சில் முக்கி எடுப்பதும் எளிது. ஓவனே இல்லாத வீட்டில் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

இனி மேல்பூச்சு. இந்த விஷயத்தில் எல்லோரும் அக்கறை குறைவாகக் காட்டும் இடமும், நம் ஊர்ப் பழங்கள் முழு வலிமையோடு நிற்கும் இடமும் இதுதான்.

ஸ்ட்ராபெரி இந்தியாவில் அரிதானதல்ல. மகாபலேஸ்வர் ஸ்ட்ராபெரிக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விளைகிறது. ஆனால் அது குளிர்காலப் பழம், தோல் மென்மையானது. சமவெளியின் வெயிலில் திருத்தணி வரை வந்து சேரும்போது பாதி அழுகியிருக்கும். புளூபெர்ரி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது, சிறு டப்பாவின் விலைக்கு நாவல் கிலோக் கணக்கில் வாங்கலாம். மலிவு என்பதால் மட்டும் நாவலைத் தூக்கிப் பேசவில்லை. புளூபெர்ரியின் ஊதா நிறத்தைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமிக் குடும்பம். அதில் டெல்ஃபினிடின், பெட்டுனிடின், மால்விடின் ஆகிய மூன்றும் முக்கியமானவை. நாவற்பழத் தோலில் செறிந்திருப்பவையும் இவைதான். ஆக, நிறத்துக்காகப் புளூபெர்ரி தேடுகிறவர் அதே நிறமிகளைத் தெருமுனையில் விட்டுவிட்டுப் போகிறார். சுவையிலும் நாவல் ஒரு படி மேல். புளூபெர்ரியின் இனிப்பு மெல்லியது, சர்க்கரைத் தூளோடு சேர்ந்ததும் காணாமல் போகும். நாவலின் துவர்ப்பு சர்க்கரையை எதிர்த்து நிற்கும்.

நாவல் என்றதும் ஔவையாரும் மரத்தின் மேலிருந்த முருகனும் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். அந்தக் கதையைப் பழமுதிர்சோலையோடு சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். இருந்தாலும் ஆறுபடை வீடுகளில் இன்னொன்றான திருத்தணியின் சமையலறையில் இந்தப் பழத்துக்கு இடமில்லாமல் போனது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஆந்தோசயனினின் குணம் தெரிந்தால் பூச்சு செய்வதில் பாதித் தவறுகள் நின்றுவிடும். புளிப்பில் அது சிவக்கும், நடுநிலையில் ஊதாவாகும், காரத்தில் நீலமும் பச்சையுமாகத் திரியும். 1915இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜெர்மானியர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர், ரோஜாவின் சிவப்புக்கும் கார்ன்பிளவரின் நீலத்துக்கும் காரணம் ஒரே நிறமி என்று காட்டினார். சமையலறையில் இதன் பொருள் எளிது. நாவற்கூழை மாவுக்குள் போடக் கூடாது. மாவிலுள்ள சோடா உப்பு காரத்தன்மை உடையது. வாழைப்பழமும் தயிரும் அதை முழுக்கத் தணிக்காத இடங்களில் டோனட்டின் உட்புறம் சாம்பலும் பச்சையும் கலந்த நிறமாகிவிடும். தின்னக் கெடுதல் இல்லை, ஆனால் பூசணம் பிடித்ததோ என்று யாரும் தொடமாட்டார்கள். நாவல் மேலே இருக்கட்டும். அங்கே அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவில் சிவப்பு கலந்து பளிச்சென்று வரும். பாலும் சேர்க்கக் கூடாது. நாவலின் துவர்ப்புப் பொருளான டானின் பாலின் புரதத்தோடு சேர்ந்து திரிதிரியாகும்.

செய்யும் விதம் இது. கால் கிலோ நாவலைக் கழுவி, சிறு குழிக்கரண்டி தண்ணீர் விட்டு மூடி, எட்டுப் பத்து நிமிடம் சிறு தீயில் வேகவிட வேண்டும். தோல் வெடித்துச் சதை குழைந்ததும் இறக்கி, ஆறியபின் கையால் பிசைந்து கொட்டையைப் பிரித்து, மீதியைக் கம்பி வடிகட்டியில் கரண்டியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். நிறமெல்லாம் தோலில்தான், ஆகவே தோலை நன்றாக அரைபட விட வேண்டும். மிக்சியில் கொட்டையோடு போட்டால் கசந்துவிடும். வடித்த கூழை மறுபடி அடுப்பிலேற்றி, கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கிற பதத்துக்கு வற்றவைக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது, டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுத்துப்போகும். எஃகுப் பாத்திரம் போதும். ஐசிங் சுகர் 120 கிராமுக்கு இந்தக் கூழ் இரண்டு மேசைக்கரண்டிக்கு மிகாமல், சிறிது சிறிதாக விட்டுக் குழைக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் தடித்த நாடா போல விழ வேண்டும். ஐசிங் சுகர் இல்லாவிட்டால் சாதாரணச் சர்க்கரையை ஒரு தேக்கரண்டி சோள மாவோடு மிக்சியில் நைசாக அரைத்து மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளலாம். பக்கத்துத் திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையே இருக்கிறது. இந்த வட்டாரத்துக் கரும்பின் சர்க்கரையும் இந்த வட்டாரத்துப் பழமும் சேர்ந்த பூச்சு என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. நாட்டுச் சர்க்கரையை இங்கே போடலாமா என்று கேட்பவர்களுக்கு: மாவில் தாராளமாகப் போடலாம், பூச்சில் வேண்டாம். அதிலுள்ள கரும்புப்பாகின் மிச்சம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பூச்சு உறையாது, நிறமும் மங்கும்.

நாவலுக்கு அடுத்தது களாக்காய். முள்புதரில் விளைகிற இந்தக் காய்க்கு நம் பேக்கரிகளில் ஒரு மறைமுக வாழ்வு உண்டு. கேக்கின் மேல் செர்ரி என்று வைத்துத் தரப்படுகிற சிவப்புப் பழம் பல நேரங்களில் செர்ரியே அல்ல. களாக்காயை உப்புநீரில் ஊறவைத்து, கொட்டையெடுத்து, சிவப்புச் சாயமும் சர்க்கரைப் பாகும் ஏற்றியதுதான் அது. டுட்டி ஃப்ரூட்டியும் இதே கதை: சாயம் ஏற்றிய பப்பாளிக்காய். நம் மண்ணின் காய்கள்தான் இத்தனை காலமும் இந்திய பேக்கரியின் பழங்களாக இருந்திருக்கின்றன, வேறு பெயரிலும் வேறு நிறத்திலும். வீட்டில் செய்யும்போது அந்த வேடம் தேவையில்லை. கருஞ்சிவப்பாகக் கனிந்த களாப்பழத்தில் புளிப்பும் பெக்டினும் அதிகம். அதனால் சர்க்கரையோடு கொதிக்கவைத்தால் தானாகவே ஜெல்லியாகும். அதற்கு ஐசிங் சுகர் கூட வேண்டாம். வடித்த சாறும் அதே எடை சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, இளஞ்சூட்டில் டோனட்டின் மேல் தூரிகையால் தடவினால் கண்ணாடி போல் மின்னும் பூச்சு கிடைக்கும். காம்பில் வடியும் பால் கையில் பிசுக்கும், உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போகும். தோட்டத்தில் மல்பெரிச் செடி வைத்திருப்பவர்களுக்குக் கொட்டையெடுக்கிற வேலையும் இல்லை. அதில் புளிப்பு குறைவு, எலுமிச்சை கட்டாயம்.

பூச்சு போடுவதற்கு டோனட் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் சர்க்கரை உருகி மாவு குடித்துவிடும். மேல்பக்கத்தை முக்கி எடுத்து, கம்பித் தட்டில் அரை மணி நேரம் மின்விசிறிக் காற்றில் வைத்து, இரண்டாம் முறை முக்கினால் நிறம் அழுத்தமாக வரும். கோடையில் சீக்கிரம் உறையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உறையவே மறுக்கும். அப்போது கூழை அரைக் கரண்டி குறைக்க வேண்டும், அல்லது களாப்பழ ஜெல்லிப் பூச்சுக்கு மாறிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் பேக்கிங் பவுடரும் நமுத்துப் போகும். சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டுப் பார்க்கலாம். பொங்கவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

பொரிக்காததால் இது உடம்புக்கு நல்லது என்ற பேச்சை எவ்வளவு தூரம் ஏற்கலாம்? எண்ணெய் விஷயத்தில் முழுதும் ஏற்கலாம். பொரித்த டோனட்டின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பாக இருக்கும். மேலே சொன்ன அளவில் ஒரு டோனட்டுக்குச் சேர்வது 5 கிராம் எண்ணெய்தான். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில், அது கெட்டுப்போனதைக் காட்டும் போலார் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு 2018இல் நடைமுறைக்கு வந்தது. எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்பது 2022 முதல் நடைமுறை. வீட்டில் ஒருமுறை மட்டும் பயன்படும் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ இருக்கையில் இந்தக் கவலைகள் எழுவதே இல்லை. நல்லெண்ணெயின் மணம் நாவலோடு ஒத்துப்போகாது என்பதை மட்டும் நினைவில் வைக்கலாம்.

சர்க்கரை விஷயத்தில் அந்தப் பேச்சு நிற்காது. மாவில் 70 கிராம், பூச்சில் 120 கிராம், ஆக 190. எட்டாகப் பகிர்ந்தால் ஒரு டோனட்டில் கிட்டத்தட்ட 24 கிராம் சேர்த்த சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வளர்ந்தவர்கள் நாள் முழுதும் இதை 25 கிராம் அளவுக்குள் நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது என்கிறது. ஒரே டோனட்டில் அந்த அளவு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. நாவல் சர்க்கரை நோய்க்கு மருந்து என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருப்பதால் இதை அழுத்தியே சொல்ல வேண்டும்: சர்க்கரையில் குழைத்த நாவல் யாருக்கும் மருந்தல்ல. நீரிழிவு உள்ள தாத்தாவுக்கு, நாவல் பூச்சு என்பதால் பரவாயில்லை என்று யாரும் எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. பூச்சை மேல்பக்கத்தில் மெல்லியதாக ஒரே முறை தடவினால் 120 கிராம் சர்க்கரை 70 கிராமாகக் குறையும். நாவலின் துவர்ப்பு அப்போது இன்னும் நன்றாகத் தெரியும். எனக்குப் பிடித்ததும் அந்த அளவுதான்.

எஞ்சியிருப்பது சேமிப்பு. பூசிய டோனட் கோடையில் வெளியே வைத்தால் மறுநாள் மாலைக்கு மேல் தாங்காது, பழக்கூழின் ஈரம் அதைக் கெடுத்துவிடும். பூசாத டோனட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம், வேண்டியபோது வெதுவெதுப்பாக்கி ஆறவைத்துப் பூசலாம். நாவற்கூழ் இதைவிட நல்ல சரக்கு. ஆடியில் பழம் மலிந்திருக்கும்போதே இரண்டு கிலோ வாங்கி, வேகவைத்து வடித்து, வற்றக் காய்ச்சி, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை உறையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பல மாதம் நிறம் மாறாது. இரண்டு கட்டி ஒரு முறைக்குச் சரியாக இருக்கும். டிசம்பர் 31 இரவு, ஆண்டின் நாள் கணக்கில் அமைந்த 365 படிகளுக்கும் பூஜை நடக்கிற திருப்படித் திருவிழாவுக்கு உறவினர்கள் வந்து தங்கும்போது நாவல் மரத்தில் பழம் இருக்காது. ஃப்ரீசரில் அந்தக் கட்டிகள் இருந்தால் போதும்.